பச்சை இருந்தால் பயமில்லை

மேனேஜர் கடித்துவிட்டது என்ற செய்தி காதில் விழுந்தபோது செயலாளரின் முகத்தில் பாதிக்குச் சவர நுரை இருந்தது. மறு பாதியில் இருந்த ரத்தம் அந்த நொடியே வற்றிவிட்டது.

மேனேஜர் என்பது நாய். தெருமுனை ஏ.டி.எம். வாசலில் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, பணம் எடுக்க வருகிறவர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து உள்ளே அனுப்பும். அதனால் அந்தப் பட்டம். செயலாளர் என்பவர் அந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மாடியில் வீடு, கீழே பெயிண்ட் கடை. கடிபட்டது அவர் மனைவியின் தம்பி. கப்பலில் எஞ்சின் அறை வேலை. விடுமுறை முழுவதையும் அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டு, அன்று மாலை துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டியவன்.

"பதறாதீங்க அத்தான்," என்று நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான் மச்சினன். பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினான். கெண்டைக்காலில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. ரத்தம் செருப்புவரை கோடு போட்டிருந்தது. "நம்ம மேனேஜர்தான். பணத்தை எடுத்துட்டு வெளிய கால் வச்சேன், லபக்குனு புடிச்சிட்டான். கமிஷன் கேட்டிருப்பான் போல."

"குரைச்சுதா?"

"அதான் அதிசயம். சத்தமே இல்லை. வாயில எச்சி ஒழுக ஒழுக, எங்கயோ பார்த்துட்டு உக்காந்திருந்தான். திடீர்னு எழுந்து வந்து ஒரே கடி. அப்புறம் போய் ஏ.டி.எம். கதவைக் கடிச்சான். அதுக்கப்புறம் விளக்குக் கம்பத்தை."

செயலாளரின் கையிலிருந்த ரேசர் வாஷ்பேசினுக்குள் விழுந்தது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி மிளகாய்த்தூள் டப்பாவோடு ஓடி வந்தாள். "காலை நீட்டுடா! இதை அப்பினா விஷம் மேல ஏறாது."

"அதை உள்ள கொண்டு போ!" என்று செயலாளர் போட்ட சத்தத்தில் டப்பா மூடி தெறித்தது. "மாப்ளே, குழாயடிக்கு வா. சோப்பு எங்கே? ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும்."

"கால் மணி நேரமா? இது என் காலா, கப்பல் தளமா?"

செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். குழாயைத் திறந்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, மச்சினன் காலைத் தன் மடியில் வைத்து சோப்பைத் தேய்த்தார். பெண் கொடுத்த வீட்டாருக்கு முன்னால் தலை குனியாத மனிதர், மச்சினன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியைப் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"போதும் அத்தான், எனக்கே கூச்சமா இருக்கு."

"இன்னும் கொஞ்சம். அப்புறம் சட்டையை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஊசிக்கு!"

மச்சினன் சிரித்துவிட்டான். ஈரக் காலை உதறிக்கொண்டு ஜன்னலைக் காட்டினான். வெளியே, தெரு நுழைவில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெரிய பேனர் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நாய் படம். நாயின் நெற்றியில் பச்சைத் தீற்றல். கீழே கொட்டை எழுத்தில்: பச்சை இருந்தால் பயமில்லை!

"மைக்கைப் புடிச்சு ஊருக்கே சொன்னது யாரு? நீங்கதானே? மேனேஜர் நெத்தியில பச்சை பளபளன்னு இருக்கு. ஊசி போட்ட நாய். உங்க வசனத்தை நீங்களே நம்பலைன்னா எப்படி அத்தான்?"

அந்த வசனத்தை உலகத்தில் நம்பாத ஒரே ஆள் செயலாளர்தான். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு நகராட்சியின் தடுப்பூசிக் குழு அந்தத் தெருவுக்கு வந்தது. ஒருவர் வலை வீசுவார், ஒருவர் அமுக்கிப் பிடிப்பார், ஒருவர் ஊசி போடுவார், கடைசி ஆள் நாயின் நெற்றியில் பச்சைச் சாயத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவிழ்த்துவிடுவார். பச்சை எதற்கு? பிடித்த நாயையே மறுபடி பிடித்து நேரத்தை வீணாக்காமல் இருக்க. அதற்கு மேல் அந்தப் பச்சைக்கு எந்த மகிமையும் கிடையாது.

மாலைக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஊசி முடிந்தது. மேனேஜரும் அதன் சகாக்கள் நாலும் மட்டும் வலையைக் கண்டதும் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்துகொண்டன.

"அடுத்த வாரம் வந்து முடிச்சுடறோம் சார்," என்றார் குழுவின் தலைவர். தெருவில் எல்லோரும் அவரை வலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு விழாவாச்சே!"

விழா என்றால் சாதாரண விழா இல்லை. 'நகரின் முதல் முழுத் தடுப்பூசித் தெரு' என்று கல்வெட்டு தயார். அதைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வருகிறார். கல்வெட்டில் அதிகாரியின் பெயருக்கு அடுத்த வரியில் செயலாளரின் பெயர். கல்லில் பெயர் வெட்டியான பிறகு ஐந்து நாய்களுக்காக அதை எப்படி நிறுத்துவது?

வேன் போன பிறகு செயலாளர் கடைக்குள் போனார். ஷேடு அட்டையை எடுத்து ஒவ்வொரு பச்சையாகப் பார்த்தார். பொருத்தமானதைக் கலக்கினார். சட்டைப்பை நிறைய பிஸ்கட்டோடு தெருவில் இறங்கினார்.

ஐந்தும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. தினமும் அவர் கையால் பிஸ்கட் தின்கிற நாய்கள்; மேனேஜர் தலையை நீட்டி அவர் உள்ளங்கையில் வைத்தே கொடுத்தது. அந்த நேரத்தில் வலைக்காரர் ஊசியோடு பக்கத்தில் நின்றிருந்தால் வலையே இல்லாமல் வேலை முடிந்திருக்கும். அது செயலாளருக்குத் தோன்றவில்லை. அவர் ஷேடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்திருந்தது.

மறுநாள் கைதட்டலில் குளிர்ந்துபோய் மைக் முன்னால் அவர் வாயிலிருந்து தானாக வந்ததுதான் அந்த வசனம். அதிகாரி அதை மிகவும் ரசித்தார். மறு வாரமே பேனர் வந்துவிட்டது.

வலைக்காரரும் சொன்னபடி வந்தார். ஐந்து நெற்றியிலும் பச்சையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"நாங்க பாக்கி வச்சுட்டுப் போன மாதிரி ஞாபகம்..."

"உங்க இன்னொரு டீம் வந்து போட்டுட்டுப் போச்சே," என்றார் செயலாளர். பொய் சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பெயிண்ட் கடைக்காரருக்கு வந்த வினை பெயிண்ட்டிலேயே இருந்தது. குழு பூசியது தண்ணீரில் கரைத்த சாயம். இரண்டு மழை, கொஞ்சம் மண்ணில் புரளல், போயே போய்விட்டது. செயலாளர் பூசியது வெளிச்சுவருக்கான முதல்தரச் சரக்கு. மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் வெளுக்காது என்று தினமும் அவர் வாயால் சொல்லி விற்பது. வாடிக்கையாளர் யாரும் நம்பியதில்லை. அது உண்மை என்று நிரூபிக்க ஐந்து நாய்கள் தேவைப்பட்டன.

ஆக, தெருவின் நிலவரம் இதுதான். முறையாக ஊசி போட்ட நாய்களின் நெற்றி வெறுமை. அவற்றைக் கண்டால் மக்கள் கல்லை எடுத்தார்கள். ஊசியே போடாத ஐந்து நாய்களின் நெற்றி பச்சைப் பசேல். அவற்றைக் குழந்தைகள் கட்டிப்பிடித்துக் கொஞ்சின. பேனர் இரண்டு தரப்பையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

*

"இங்க பாருங்க அத்தான்," என்று மச்சினன் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாய்க்கடின்னு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒதுங்கினதா கம்பெனிக்குத் தெரிஞ்சாலே கப்பல்ல ஏத்த மாட்டான். இந்தக் கப்பலுக்கு எத்தனை பேர் கால்ல விழுந்திருக்கேன் தெரியுமா? ஏறினா கரையைப் பாக்கவே மாசக்கணக்காகும். வந்ததும் வேணா உங்க ஆசைக்கு ஒரு ஊசி போட்டுக்கறேன்."

வந்ததும்! செயலாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். எச்சில் ஒழுகும் வாய், குரைக்காத கடி, விளக்குக் கம்பம். வெறி பிடித்த நாய்க்கு என்று வலைக்காரர் ஊசி போட வந்த அன்று சொல்லிவிட்டுப் போன அடையாளங்கள் அத்தனையும் பொருந்தின. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நடுக்கடலில் மச்சினன் போவான். மானமும் மச்சினனும் ஒன்றாகத் தப்பிக்க ஒரு வழி இருக்காதா என்று யோசித்தார். மனைவி பக்கத்தில் நின்று தம்பியின் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"என்னங்க?"

"தலை சுத்துது. கண்ணெல்லாம் இருட்டுது. மாப்ளே, ஆஸ்பத்திரிவரைக்கும் துணைக்கு வர்றியா?"

"முதல்ல அந்த நுரையைத் துடைங்க அத்தான். டாக்டர் பார்த்தா உங்களுக்குத்தான் வெறின்னு நினைச்சுக்குவார்."

மச்சினன்தான் ஸ்கூட்டரை ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து செயலாளர் இரண்டாவது பொய்யை ஆரம்பித்தார். "இப்பல்லாம் கப்பல் கம்பெனிக்காரங்களே இந்த ஊசி போட்டியான்னு கேக்கறாங்களாமே. பேப்பர்ல படிச்சேன்."

"எந்தப் பேப்பர்?"

"ஏதோ ஒரு பேப்பர்."

"தலை சுத்துறவர் பேச்சு ரொம்ப நேரா இருக்கே," என்றான் மச்சினன், கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே.

நகராட்சி மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தெருவில் இஸ்திரி போடுகிறவர் இருமலுக்காக உட்கார்ந்திருந்தார். டியூஷன் டீச்சர் சர்க்கரை பார்க்க வந்திருந்தாள். "வாங்க செயலாளர் சார்!" என்று இருவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். செயலாளர் உட்காரவில்லை. மச்சினனின் முழங்கையைப் பிடித்து நேராக ஊசி போடும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, மருந்து வைக்கும் சின்னக் குளிர்ப்பெட்டி. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு, என்ன?"

"இவனுக்கு. நாய்க்கடி," என்றார் செயலாளர், கதவைச் சாத்திக்கொண்டே.

"அத்தான்! தலைசுத்தல்னு சொன்னீங்க!"

"இப்ப நின்னுடுச்சு."

டாக்டரம்மா கடிவாயைப் பார்த்தாள். முகம் மாறவில்லை, கை மட்டும் வேகமாகக் கையுறையைத் தேடியது. "ஆழமான கடி. ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். கடிவாயைச் சுத்தி ஒரு மருந்து, கையில ஒரு ஊசி. அப்புறம் கூப்பிடற நாளுக்கெல்லாம் வரணும்."

"அதெல்லாம் வேண்டாம் டாக்டர். பச்சை போட்ட நாய்தான்."

"பச்சை போட்டிருக்கட்டும், பட்டுப் பாவாடையே கட்டியிருக்கட்டும். கடிபட்டது நாயில்லை, நீங்க. கடிச்சா ஊசி போடணும். அவ்வளவுதான்."

"எனக்கு சாயங்காலம் கப்பல்."

"இது வந்துட்டா அப்புறம் மருந்தே கிடையாது தம்பி. வர்றதுக்கு முன்னாடி மட்டும்தான் இருக்கு. உங்களை நான் கட்டிப்போட்டுக் குத்த முடியாது. யோசிச்சு சொல்லுங்க."

மச்சினன் யோசித்தான். யோசித்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு விடுவிடுவென்று கூடத்துக்குள் நடந்தான். நொண்டல்கூடக் குறைந்துவிட்டிருந்தது.

செயலாளர் ஓடிப் போய்க் கூடத்தின் நட்டநடுவில் அவன் சட்டையைப் பிடித்தார்.

"மாப்ளே, நில்லு. அந்தப் பச்சை..."

"பச்சைக்கு என்ன?"

"அது அவங்க பூசினது இல்லைடா. நான் பூசினது."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. மச்சினன் அவர் தோளில் தட்டி வாய்விட்டுச் சிரித்தான்.

"காலையிலேர்ந்து இது மூணாவது அத்தான். முதல்ல தலைசுத்தல், அப்புறம் பேப்பர், இப்போ பெயிண்ட். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? சொந்தக் கல்யாணத்துலயே பந்தல்காரனுக்கு பெயிண்ட் விலை பேசி வித்த ஆளு. நாய்க்கு ஓசியில பூசுவீங்களா?"

"சத்தியமா!"

"யார் மேல?"

உண்மை பேசிப் பழக்கமில்லாதவனுக்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம். செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சு பெஞ்சாகத் தெரு ஜனங்கள். மெதுவாகச் சொன்னால் இவன் நம்பமாட்டான். சத்தமாகச் சொன்னால் இவன் நம்புவான். இவனோடு சேர்ந்து ஊரே நம்பும்.

அவர் சத்தமாகவே சொன்னார்.

"விழாவுக்கு முந்தின நாள் அஞ்சு நாய் பாக்கி நின்னுது. என் கடை பெயிண்ட்டை எடுத்து நானே பூசினேன். ஒண்ணுக்கும் ஊசி போடலை. அவங்க சாயமா இருந்தா இத்தனை மழைக்கு எப்பவோ போயிருக்கணுமே, யோசிச்சுப் பாரு! இப்ப எந்த நாய் நெத்தி வெறுமையா இருக்கோ அதுக்குத்தான் ஊசி போட்டிருக்கு. பச்சையா இருக்கறது அத்தனையும் நான் செஞ்ச பித்தலாட்டம்."

கூடத்தில் இருமல்கூட நின்றுவிட்டது.

மச்சினன் சிரிப்பை நிறுத்தியது அப்போதுதான். இந்த மனிதரை அவனுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் செருப்பு தொலைந்தால்கூட யாருக்கும் தெரியாமல் வெறுங்காலோடு வீடு போய்ச் சேருகிறவர். ஊர் முன்னால் தன் பேரைத் தானே போட்டு உடைக்கிறார் என்றால் அது பொய்யாக இருக்க முடியாது.

"அப்போ மேனேஜருக்கு..."

"ஊசியே போடலைடா."

இஸ்திரிக்காரர் மெல்ல எழுந்தார். "சார். என் வீட்டு வாசல்ல கிடக்கற கறுப்பனுக்குப் பச்சை இல்லைன்னு தெருவே கல்லால அடிச்சுது. நீங்களும் ஒரு நாள் அடிச்சீங்க."

"அடிச்சேன்," என்றார் செயலாளர்.

"அதுக்கு ஊசி போட்டிருந்தாங்கன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். எல்லாரும் அடிக்கும்போது நான் மட்டும் அடிக்காம நின்னா சந்தேகம் வருமே."

டியூஷன் டீச்சர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வாரம் ஏ.டி.எம். வாசல்ல மேனேஜர் என் கையை லேசாப் பல்லால கீறுச்சு. வழக்கமா வாலாட்டற நாயாச்சேன்னு... நெத்தியைப் பார்த்தேன், பச்சை இருந்துது. கைக்குட்டையால துடைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்." அவள் நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தாள். "பேனர் பார்த்துத்தானே சார் போனேன்?"

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா நர்சைக் கூப்பிட்டாள். "இந்த ரெண்டு பேரையும் முதல்ல உள்ள அனுப்பு. அந்தத் தெருவுல கடி, கீறல் எதுவா இருந்தாலும் எல்லாரையும் வரச் சொல்லு. நகராட்சிக்குப் போன் போடு, அந்த நாயை உயிரோட பிடிச்சாகணும்."

மச்சினன் மறுபேச்சு இல்லாமல் படுத்தான். கடிவாயைச் சுற்றி மருந்து ஏறும்போது அவன் போட்ட அலறலில், வெளியே சர்க்கரைக்கு வந்தவர்களில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வேலை முடிந்தது என்று செயலாளர் நகரப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை.

"நீங்க அந்த நாயைத் தொடுவீங்களா?"

"தினம் பிஸ்கட் கொடுப்பேன். கையில வச்சுத்தான்."

"கடைசியா எப்போ?"

"நேத்து. பிஸ்கட்டைத் தின்னலை. கையை மட்டும் நக்கிட்டுப் போச்சு."

அவள் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். பெயிண்ட் டப்பா மூடி நெம்பி நெம்பி விரல் முழுக்கக் கீறல்கள். சில பழசு. சில இன்னும் ஆறாதவை.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

"நானா?"

"துணைக்கு வந்தவர் இல்லை டாக்டர் அவர்," என்று கட்டிலிலிருந்து முனகினான் மச்சினன். "தலைசுத்தலுக்கு வந்தவர். அதுக்கும் சேர்த்து ரெண்டு குத்தாப் போடுங்க."

*

கப்பல் அன்று மாலையே போய்விட்டது. மச்சினன் போகவில்லை.

மேனேஜரை மதியமே வலைக்காரர் பிடித்துக் கூண்டில் அடைத்தார். போகிற போக்கில் அதன் நெற்றியை எட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு சார். எங்க ஆபீஸ் சுவருக்கும் அடிச்சுவிடுங்க," என்றார். திட்டியிருந்தால் செயலாளருக்குச் சுகமாக இருந்திருக்கும். மிச்ச நாலு நாய்களையும் அவரையே பிடித்துக்கொடுக்கச் சொல்லி ஊசி போட்டுத் தனித்தனிக் கூண்டில் கண்காணிப்பில் வைத்தார்கள்.

சங்கம் அவசரமாகக் கூடியது. செயலாளர் ராஜினாமாவை நீட்டினார். தண்ணீர் வரி விஷயமாக அலைய வேறு ஆள் கிடைக்கும்வரை அவரே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பேனரை இறக்கினார்கள். கல்வெட்டு? அதில் பெரிய அதிகாரியின் பெயர் இருக்கிறதே, அதில் எப்படிக் கை வைப்பது என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் முன்னால் ஒரு பூந்தொட்டி வைத்து எழுத்தைப் பாதி மறைத்ததோடு தெருவின் மனசாட்சி சமாதானமாகிவிட்டது.

செயலாளர் வீட்டில் அவ்வளவு சுலபமாக எதுவும் சமாதானமாகவில்லை. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், போய்விடுவாள். தேவை ஏதாவது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமோ என்னமோ."

பேசாதவளுக்கும் சேர்த்து அவள் தம்பி பேசினான்.

"இந்நேரம் நான் நடுக்கடல்ல இருக்கணும் அத்தான். இங்க உக்காந்து உங்க கடைக்கு வர்றவனுக்குச் சுண்ணாம்பு எடுத்துக் குடுத்துட்டிருக்கேன்."

"உயிரோட இருக்கியே, அதைப் பாரு."

"மேனேஜரும்தான் உயிரோட இருக்கான். கூண்டுக்குள்ள கால் மேல கால் போட்டுட்டு இருக்கானாம். சும்மா கோபத்துல கடிச்சவனைப் போய்ப் பெரிய வியாதிக்காரனா ஆக்கிட்டீங்க. நீங்க பச்சை பூசாம இருந்தா நான் ஊசி போட்டுட்டு எப்படியாவது சமாளிச்சிருப்பேன். நீங்க உண்மையைச் சொல்லாம இருந்தா கப்பல்லயாவது போயிருப்பேன். ரெண்டையும் கெடுக்க உங்களால மட்டும்தான் முடியும்."

இரண்டாவது ஊசிக்கு அவனை இழுத்துக்கொண்டு போவதற்குள் செயலாளருக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஒருமுறை கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். மூன்றாவதற்கு வரவே மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். வேறொரு கப்பல் கிடைக்கும்போல் இருக்கிறது, ஊசி ஊசி என்று சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும் என்றான். இரண்டாவது ஊசிக்கு டியூஷன் டீச்சர் மட்டும் மருத்துவமனை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்திருந்தாள். செயலாளரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பக்கத்தில் இடம் பிடித்துக் கைப்பையை வைத்திருந்தாள். அவர் வந்ததும் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள் மதியம். செயலாளரும் மச்சினனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. வலைக்காரர். செயலாளர் எச்சில் கை படாமல் இருக்க ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், மேனேஜர் முந்தாநாள் செத்துடுச்சு. சோதனைக்கு அனுப்பியிருந்தோம். இப்பதான் சொன்னாங்க." வலைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வெறிதான் சார். சந்தேகமே இல்லை. கடிபட்டவங்க ஒரு ஊசிகூட விடாம முடிச்சாகணும்."

செயலாளர் போனை அணைத்தார்.

குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த அவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே தெரிந்த அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிவாய் கிட்டத்தட்ட ஆறியிருந்தது. தழும்பு விழுந்தாலும் பேன்ட் போட்டால் தெரியாது.

மச்சினன் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். உருண்டை வாய்க்குப் போகவில்லை. செயலாளர் கேலிக்காகக் காத்திருந்தார். ஏதாவது சொல்லட்டும், கமிஷன் என்றோ கப்பல் என்றோ, சொல்லித் தொலைக்கட்டும். வரவில்லை.

"கேபின்ல என்கூட ரெண்டு பேர் இருப்பாங்க," என்றான் மச்சினன் கடைசியில், யாரையும் பார்க்காமல். "எனக்கு என்ன ஆச்சுன்னே அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. சுத்தி அத்தனை தண்ணி. தண்ணியைக் கண்டு நான் அலறியிருப்பேன்."

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். ஒரு கணம் அதையே பார்த்தான். பிறகு மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி எப்போ திறப்பாங்க?"

"எட்டு மணிக்கு," என்றார் செயலாளர்.

"ஏழு மணிக்கே போயிடலாம் அத்தான். லேட்டாப் போனா கூட்டம் சேர்ந்துடும்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஆமாமா," என்று தரையிலிருந்து குரல் வந்தது. சுவரைப் பார்த்து இல்லை, நேராக அவரைப் பார்த்து. "உங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பினா, பாதி வழியில டீக்கடையில உக்காந்துட்டு ஊசி போட்டாச்சுன்னு வந்து நிப்பீங்க. நானும் வர்றேன். ரெண்டு பேருக்கும் குத்துறதை என் கண்ணால பார்க்கணும்."

அவள் எழுந்து தம்பியின் தட்டில் குழம்பை ஊற்றினாள். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, புருஷனின் தட்டிலும் ஊற்றினாள்.